பின்சந்துகளை மூடும் முன் வழிப்பாத்தியத்தைப் பதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய மனைகளின் முதுகுப்புறமாக எட்டடி, பத்தடி அகலத்தில் பின்சந்துகள் ஓடுகின்றன. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் துப்புரவுக்கென்று விட்ட சந்துகள் இவை. பாதாளச் சாக்கடை வந்தபின் அந்த வேலை ஒழிந்தது. சில வீடுகளின் பின்சுவரில் அந்தக் காலத்துத் துவாரத்தைச் செங்கல் வைத்து அடைத்த சதுரத் தழும்பு இன்னும் தெரியும். இப்போது அங்கே கிடப்பது இடிபாடும் உடைந்த கம்மோடும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும்தான். 'யாருக்கும் பயன்படாத சந்தை மூடி, ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கே விலைக்குக் கொடுத்தால் என்ன?' என்ற கேள்வி குடியிருப்போர் சங்கங்களில் அடிக்கடி எழுகிறது.

கேள்வி நியாயமானது. மூடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மூடும் வரிசைதான் தலைகீழாக நடக்கிறது. முதலில் சுவர் எழும்புகிறது, பிறகு கிரயம், பிறகு பட்டா. உள்ளே மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர் போகவர என்ன வழி, கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் யார் எப்படி உள்ளே வருவது என்பதெல்லாம் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் நிலம் கைமாறி, புதிய உரிமையாளர் 'என் பத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லையே' என்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

'பயன்பாட்டில் இல்லை' என்ற சொல்லிலிருந்தே தொடங்கவேண்டும். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை என்றால் மேல்பரப்பு பயன்பாட்டில் இல்லை, அவ்வளவுதான். மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் கதை வேறு. முப்பது மீட்டருக்கு ஒன்றாக மேன்ஹோல் இருக்கவேண்டும். ஒன்றுதான் கண்ணில் படுகிறது, மற்றவை மண்ணுக்கும் சிமென்ட் பூச்சுக்கும் அடியில் புதைந்திருக்கும். கீழே ஓடுவது பெரும்பாலும் ஸ்டோன்வேர் குழாய். வீட்டு இணைப்புகள் இருபுறமிருந்தும் அதில் வந்து சேரும். மின்வாரியக் கேபிள் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் போகலாம். அது போகும் தடத்துக்கு வாரியத்தின் வரைபடம் ஓரளவுதான் உதவும், சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பதே நிச்சயம். போதாதற்கு மழைநீர். வடிகால் கட்டாத இடத்தில் சந்தே வடிகால். முன்தெருவைவிடப் பின்சந்து அரையடி தாழ்வாக இருக்கும் வரிசைகளில், கார்த்திகை மழைக்கு இருபக்கத்துக் கொல்லைத் தண்ணீரும் அதில் இறங்கித்தான் வெளியே போகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இதை ஒருவருக்கு விளக்கவேண்டியிருப்பது வருத்தம்தான்.

அடுத்தது, இந்தச் சந்து யாருடையது? மூன்று வகை உண்டு. ஒன்றுக்கான நடைமுறையை இன்னொன்றின்மேல் போட்டால் எல்லாமே செல்லாமல் போகும்.

முதல் வகை, நகர நில அளவைப் பதிவேட்டில் தெரு என்றோ பாதை என்றோ தனி எண்ணில் புறம்போக்காக இருப்பது. மாநகராட்சி அதைப் பராமரிக்கும். அதனாலேயே மண்ணும் மாநகராட்சிக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. மதுரை நகராட்சியின் வழக்கில் 1902இலேயே சென்னை உயர்நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தெரு உள்ளாட்சி வசம் வருகிறது என்றால் மேற்பரப்பும், தெருவாக வைத்திருக்கத் தேவையான அளவு கீழ்மண்ணும் மேல்வெளியும்தான் வருகின்றன, அடிமண்ணின் உடைமை தானாக மாறுவதில்லை. ஆகவே தெரு என்ற தன்மையை நீக்கினால் எஞ்சும் நிலத்தை விற்கும் அதிகாரம் யாருக்கு என்பதை வருவாய்த் துறையோடு முதலில் தீர்க்கவேண்டும். மாநகராட்சித் தீர்மானத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சார்பதிவாளரிடம் போனால் அரசு நிலம் என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் செய்வது சரி.

இரண்டாவது வகை, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைக்கென்று தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்தது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது உள்ளே வந்த அம்பத்தூர், வளசரவாக்கம், பெருங்குடிப் பகுதிகளில் இந்த வகைதான் நிறைய. இங்கே நிலம் மாநகராட்சியின் பெயரில் இருந்தாலும் கொடுத்தது சாலைக்காக. அந்த மனைப்பிரிவில் மனை வாங்கிய ஒவ்வொருவரும் வரைபடத்தில் அந்தச் சாலையைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஒட்டிய நான்கு பேர் கையெழுத்துப் போட்டால் போதாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சிஎம்டிஏ) திருத்திய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கவேண்டும், மற்ற மனைக்காரர்களையும் கேட்கவேண்டும்.

மூன்றாவது, பொதுத் தெருவே அல்லாதது. பாகப்பிரிவினையில் 'பொதுப்பாதை' என்று விட்டது, நாளாவட்டத்தில் தெருப்பெயர்ப் பலகையும் விளக்கும் வந்துவிட்டது. இதை மூட மாமன்றத்துக்கே வேலையில்லை. பாத்தியமுள்ள எல்லோரும் சேர்ந்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் முடிந்தது. ஒருவர் விட்டுப்போனாலும் முடியவில்லை.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், புலப்படம், மனைப்பிரிவு வரைபடம், இருபுறத்து வீடுகளின் தாய்ப்பத்திரங்கள் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தாய்ப்பத்திரத்தின் நான்கு எல்லையில் 'மேற்கே சந்து' என்று இருக்கிறதா, 'மேற்கே முனிசிபல் சந்து' என்று இருக்கிறதா என்பதில் விஷயம் இருக்கிறது. புறநகர்க் கிராமங்களில் 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டின்போது சில பாதைகள் பக்கத்துப் பட்டாவுக்குள் சேர்ந்துவிட்டன. அதனால் பட்டாவை மட்டும் நம்பக்கூடாது, கிராமத்தின் நிலங்களை எண்வாரியாகக் காட்டும் பழைய அ-பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். அலுவலகத்தில் இழுத்தடித்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், முப்பது நாளில் பதில் தரவேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 'நாற்பது வருஷமாக இந்தச் சந்து வழியாகத்தான் போகிறோம், மூடினாலும் எங்கள் வழியை யாரும் தடுக்கமுடியாது' என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தத் தைரியத்துக்கு அடிப்படை இல்லை. பொதுத் தெருவில் நடப்பவர் பொதுமக்களில் ஒருவராக நடக்கிறார். அது அவருடைய வீட்டோடு ஒட்டிய வசதியுரிமை (ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின்மேல் இருக்கும் உரிமை) அல்ல. தெருவை முறைப்படி மூடினால் பொதுமக்களுக்கிருந்த உரிமை போய்விடும், அதோடு அவர் நடந்ததும் போய்விடும். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்லும் இருபது ஆண்டு அனுபவம் (அரசு நிலமானால் முப்பது) தன் வீட்டின் பாத்தியமாக நினைத்து, தடையின்றி, வெளிப்படையாக அனுபவித்ததற்குத்தான். பொதுத் தெருவாக இருந்த காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மூடிய நாளிலிருந்து எண்ணத் தொடங்கலாம், ஆனால் மூடிய நாளிலேயே சுவரும் வந்திருக்கும்.

'வேறு வழியே இல்லை, அவசிய வழி கொடுத்துத்தான் ஆகவேண்டும்' என்பது அடுத்த நம்பிக்கை. அதுவும் பாதிதான் உண்மை. 13ஆம் பிரிவின் அவசிய உரிமை, ஒரே உடைமையாக இருந்த சொத்து விற்பனையாலோ பாகத்தாலோ பிரியும்போது பிறப்பது. திருவல்லிக்கேணியில் வழக்கமாகக் காணும் மனையை எடுத்துக்கொள்வோம். அகலம் இருபதடி, நீளம் நூற்றிருபதடி. அண்ணனுக்கு முன்கட்டு, தம்பிக்குப் பின்கட்டு என்று பாகம் ஆகியிருக்கிறது. தம்பிக்குப் பின்சந்துதான் வாசல். அந்தச் சந்தை மூடினால், சந்து நிலத்தை வாங்கியவர்மேல் தம்பிக்கு அவசிய உரிமை கிடையாது. அவரும் இவரும் ஒரே உடைமையிலிருந்து பிரிந்தவர்கள் அல்ல. சரி, அண்ணனின் முன்கட்டு வழியாகக் கேட்கலாமா? பாகம் நடந்த அன்று பின்சந்து இருந்தது, ஆகவே அன்று அவசியம் இல்லை. அவசியம் இருந்ததா என்பதைப் பிரிந்த நாளை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆக, தம்பிக்கு இரண்டு பக்கமும் கதவு அடைபடுகிறது, அண்ணன் தம்பி பேச்சும் நின்றுபோகிறது. இப்படி ஒரு பின்கட்டு அந்த வரிசையில் இருந்தால், அவருக்கான வழிப்பாத்தியம் எழுத்தில் பதிவாகும்வரை சந்தை மூடவே கூடாது.

எழுத்தில் என்றால் எப்படி? நம் ஊர்ப் பத்திரங்களில் 'மாமூல் வழிநடைப் பாத்தியங்கள் உள்பட' என்று ஒரு வரி தவறாமல் வரும். கோயில் சுண்டல் மாதிரி எல்லோருக்கும் கொஞ்சம் கொடுத்ததாகத் தோன்றும், யார் வயிறும் நிறையாது. எது மாமூல்? நடந்தா, சைக்கிளிலா, காரிலா? அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருவகை வழியுரிமையில் இன்னொருவகை அடங்காது என்கிறது. நடைபாதைப் பாத்தியம் என்று எழுதினால் ஆட்டோ வரமுடியாது. கோடையில் தண்ணீர் லாரி வரமுடியாது. ஆம்புலன்ஸும் அமரர் ஊர்தியும் வரலாமா என்ற சந்தேகம், அவை வந்து நிற்கும் நேரத்தில் எழவேண்டிய சந்தேகம் அல்ல.

ஆகவே இப்படி எழுதச் சொல்கிறோம் (ஷெட்யூல் என்பது பத்திரத்தின் சொத்து விவரப் பட்டியல்): 'ஆ ஷெட்யூல் சொத்தின் உரிமையாளர்களும் அவர்களது வாரிசுகளும் குடியிருப்போரும், இ ஷெட்யூலில் கண்ட, வடக்கு தெற்காக 42 மீட்டர் நீளமும் கிழக்கு மேற்காக 3 மீட்டர் அகலமும் கொண்ட கீற்றில், இரவு பகல் எந்நேரமும் நடந்தும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களிலும், தண்ணீர் லாரி, கழிவுநீர் ஊர்தி, தீயணைப்பு ஊர்தி, ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி ஆகியவை வந்து திரும்பவும், குடிநீர், கழிவுநீர், மின்சார இணைப்புகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்லவும் பழுதுபார்க்கவும் நிரந்தரப் பாத்தியம் உடையவர்கள். மேற்படி கீற்றில் தரையிலிருந்து 4.5 மீட்டர் உயரத்துக்குள் சன்ஷேடு, பால்கனி, ஏசி யூனிட், படி எதுவும் நீட்டக்கூடாது. இப்போதுள்ள தரைமட்டத்தை உயர்த்தக்கூடாது.' நீளமாகத்தான் இருக்கிறது. நாளை ஒரு வழக்கு பத்து வருஷம் நீள்வதைவிட இது சுருக்கம்.

அளவுகளை எங்கிருந்து அளந்தது என்பதையும் எழுதவேண்டும். 'சுவரிலிருந்து 3 மீட்டர்' என்று எழுதினால் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டும்போது அரையடி நகரும். நில அளவைக் கல்லிலிருந்தோ, புலப்படத்தின் புள்ளியிலிருந்தோ அளவு போகட்டும். கீற்றுக்கென்று தனி உட்பிரிவு எண் வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. எண் இருந்தால்தான் வில்லங்கச் சான்றிதழில் அது பிடிபடும். பாத்தியம் கொடுக்கும் சொத்து, பெறும் சொத்து இரண்டின் எண்களையும் ஷெட்யூலில் காட்டி, பதிவு அலுவலக அட்டவணையில் இரண்டின்கீழும் ஏறும்படி பதியவேண்டும். பெறுபவரின் சொத்தை மட்டும் காட்டிப் பதிந்த பாத்தியம், கொடுத்தவரின் நிலத்தை நாளை வாங்க வருபவர் எடுக்கும் வில்லங்கத்தில் வரவே வராது. நாம் பார்க்கும் தகராறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு கோளாறிலிருந்து வருபவை.

பராமரிப்புச் செலவையும் விட்டுவிடாதீர்கள். எழுதாவிட்டால் சட்டம் எழுதிக்கொள்ளும்: பழுதுபார்க்கும் செலவு பாத்தியம் பெறுபவருடையது, நிலத்துக்காரர் எதுவும் செய்யக் கடமைப்பட்டவர் அல்ல. நிலத்துக்காரரும் காரை அதே கீற்றில் ஓட்டப்போகிறார் என்றால் இது நியாயமில்லை. பாதிப்பாதி என்றோ வீட்டுக்கு இவ்வளவு என்றோ எழுதிக்கொள்ளலாம்.

இனிக் குழாய், கேபிள். இங்கேதான் வெளிநாட்டு நடைமுறையைப் பார்த்து எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒட்டிய நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உரியவர்கள் மனுக் கொடுக்கலாம். நகரமன்றம் நாள் குறித்துத் தீர்மானம் போட்டபின் 20 நாளுக்குக் குறையாமலும் 60 நாளுக்கு மேற்படாமலும் விசாரணை நடக்கும். மூடும்போதே குழாய், கம்பிகளுக்கான உரிமையை நகரம் தன்னிடம் நிறுத்திக்கொள்ளலாம். மதிப்பில் பாதிவரை விலை வாங்கலாம், 25 ஆண்டோ அதற்கு மேலோ தெருவாக இருந்ததென்றால் முழு மதிப்பையும் வாங்கலாம். நிலம் இருபுறத்தாருக்கும் சரிபாதியாகச் சேரும். நீர்நிலையில் போய் முடியும் தெருவை மூடத் தடை உண்டு, விதிவிலக்குகள் மிகக் குறைவு. இந்தக் கடைசி விஷயம் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரச் சந்துகளுக்கு அப்படியே பொருந்தும். அவற்றை எந்த விலைக்கும் மூடக்கூடாது என்பது எங்கள் கருத்து.

ஆனால் 'குழாய்க்கான உரிமையை நிறுத்திக்கொள்வது' இங்கே அப்படியே செல்லாது. நம் வசதியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி வசதியுரிமை என்பது ஒரு நிலத்தின் நன்மைக்காக இன்னொரு நிலத்தின்மேல் உள்ளது. நிலம் எதுவும் இல்லாத ஒரு வாரியத்துக்கு, வாரியம் என்பதற்காக மட்டும், வசதியுரிமை எழுதிக் கொடுத்தால் அது வெறும் உரிமமாக, அதாவது திரும்பப் பெறக்கூடிய அனுமதியாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே பொதுக்குழாய் ஓடும் கீற்றை விற்கவே வேண்டாம். தெரு என்ற பெயர் போனாலும் அந்தக் கீற்று பொது உடைமையாகத் தனி எண்ணில் நிற்கட்டும். மீதியை மட்டும் விற்கலாம். விற்கும் பகுதியிலும் 'கட்டக்கூடாது, மட்டம் உயர்த்தக்கூடாது' என்ற தடைகளை எதிர்மறையாகவே எழுதுங்கள். பின்னால் வாங்குபவர் விஷயம் தெரிந்து வாங்கியிருந்தால் அத்தகைய தடைகள் அவரையும் கட்டும். 'பராமரிக்கவேண்டும், சுத்தம் செய்யவேண்டும்' போன்ற கட்டளைகள் அப்படிக் கட்டுவது கடினம்.

கீற்றுக்கு எவ்வளவு அகலம்? இரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் குழாயை மாற்ற ஒரு மீட்டர் அகலப் பள்ளம் வேண்டும். மண் சரியாமல் முட்டு கொடுக்க இடம், தோண்டிய மண்ணைக் கொட்ட இடம், ஜேசிபி நிற்க இரண்டரை மீட்டர். மூன்று மீட்டரில் நெருக்கிப்பிடித்துச் செய்யலாம், அதற்குக் குறைந்தால் கையால்தான் தோண்டவேண்டும். அடைப்பு எடுக்கும் ஜெட் ராடிங் வண்டியும் கழிவை உறிஞ்சும் சூப்பர் சக்கர் வண்டியும் வரமுடியாத இடத்தில், 'ஆளை இறக்கிவிடலாமே' என்று யாராவது சொல்வார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்த 2013 சட்டத்துக்குப் பிறகு, பாதுகாப்புக் கருவி இல்லாமல் அப்படி இறக்குவது குற்றம். வண்டி வராத அகலத்தை ஒப்புக்கொள்பவர்கள் இந்தப் பேச்சுக்கும் சேர்த்தே இடம் கொடுக்கிறார்கள். மேன்ஹோல் மூடிமேல் டைல்ஸ் ஒட்டக்கூடாது என்பதையும் பத்திரத்திலேயே எழுதவேண்டியிருக்கிறது, என்ன செய்வது!

ஆசை எங்கே பிறக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. மூன்று மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளச் சந்து 180 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,937 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்கு 2,400 என்றால் முக்கால் கிரவுண்டுக்குச் சற்று மேல். பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து வீடுகள், ஒவ்வொன்றும் 12 மீட்டர் அகலம். சரிபாதியாகப் பிரித்தால் வீட்டுக்கு 18 சதுர மீட்டர், 194 சதுர அடி. தோட்டத்துக்கு மட்டும் என்றால் சண்டை போடும் அளவல்ல. ஆனால் சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 என்பதால் அந்த 194 சதுர அடி, கட்டுமானத்தில் 388 சதுர அடியாகக் கணக்கில் ஏறுகிறது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட நினைப்பவருக்கு இதன் அருமை தெரியும். பாத்தியம் ஓடும் கீற்றின் பரப்பைக் குறியீட்டுக் கணக்கிலோ பக்கவெளிக் கணக்கிலோ சேர்க்கக்கூடாது என்று தீர்மானத்திலேயே நிபந்தனை வைத்துவிட்டால் பாதிப் பேரின் ஆர்வம் அப்போதே அடங்கும். மீதிப் பேர் உண்மையாகவே குப்பைக்காகவும் திருட்டுப் பயத்துக்காகவும் மூடக் கேட்பவர்கள்.

நடைமுறையில் வேலை இப்படிப் போகவேண்டும். மாநகராட்சியின் நிலம் மற்றும் உடைமைத் துறை, மண்டலப் பொறியாளர், குடிநீர் வாரியம், மின்வாரியம், தீயணைப்பு, நில அளவையர் எல்லோரும் ஒரே நாளில் சந்தில் நின்று பார்த்து, ஒரே வரைபடத்தில் கையெழுத்திடவேண்டும். ஆளுக்கொரு கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தால், வராத பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அது சம்மதம் அல்ல. அறிவிப்பைச் சந்தின் இரு முனையிலும் ஒட்டவேண்டும், தமிழில், வரைபடத்தோடு, எந்தக் கீற்று நிற்கும் எது போகும் என்று இரு நிறத்தில் காட்டி. நில அளவை எண்ணை மட்டும் போட்டு நாளிதழின் மூலையில் வரும் அறிவிப்பைப் படித்து, இது தன் வீட்டுப் பின்கதவு என்று எவரும் கண்டுபிடிக்கமாட்டார். வாடகைக்கு இருப்பவருக்கும் தனியாகக் கொடுங்கள். சந்தை உபயோகிப்பவர் அவர்தான், உரிமையாளர் பெங்களூரில் இருப்பார்.

ஆட்சேபணை கேட்டபின் மாமன்றத் தீர்மானம். பழைய 1919 சென்னை மாநகராட்சிச் சட்டத்திலேயே ஒரு தெருவை நிரந்தரமாக மூட மாமன்றமும் அரசும் ஒப்பவேண்டும், பாதிக்கப்படுபவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று இருந்தது. 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருப்பது 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம். கோப்பில் பழைய சட்டத்தின் பிரிவைக் குறிப்பிட்டு அனுப்பினால் அந்த ஒரு காரணத்துக்கே திரும்பி வரும். தீர்மானத்தில் இரண்டு சொற்றொடர் கட்டாயம் இருக்கவேண்டும்: நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே தெரு மூடியதாகக் கருதப்படும், பாத்தியப் பத்திரமும் கிரயப் பத்திரமும் ஒரே நாளில் அடுத்தடுத்த எண்களில் பதிவாகவேண்டும். பாத்தியம் முன்னால், கிரயம் பின்னால்.

பதிந்த பிறகும் பாத்தியம் சாகும் வழிகள் உண்டு, முக்கியமானவை இரண்டு. ஒன்று, கட்டுநர் ஒருவர் பாத்தியம் கொடுத்த மனையையும் பெற்ற மனையையும் சேர்த்து வாங்குவது. இரண்டும் ஒரே கைக்கு முழுமையாக வந்தால் வசதியுரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி பாத்தியம் அழிந்துவிடும். பிறகு பின்மனையை மட்டும் அவர் பிரித்து விற்றால் பழைய பத்திரத்தைக் காட்டிப் பயனில்லை, புதிதாக எழுதி வாங்கவேண்டும். மற்றொன்று, இருபது ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாமல் விடுவது. பூட்டிய வீடுகளுக்கு இது நடக்கும். ஆனால் 47ஆம் பிரிவு ஒரு மாற்றும் தருகிறது. வழிப்பாத்தியம் போன்ற, ஆள் செய்தால்தான் நடக்கும் உரிமைகளுக்கு, 'இதை வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இருக்கிறது' என்று ஓர் உறுதிமொழியைப் பதிவு செய்தால், அந்த நாளிலிருந்து இன்னும் இருபது ஆண்டு உயிர் கிடைக்கும். இந்த வசதி 1882இலிருந்து இருக்கிறது. பயன்படுத்துபவர்கள் அரிது.

எல்லாம் பார்த்த பிறகு சில சந்துகளில் விற்க ஒன்றும் மிஞ்சாது. எட்டடிச் சந்து என்பது இரண்டரை மீட்டருக்கும் குறைவு. கழிவுநீர்க் குழாய்க்கே அது போதவில்லை. அங்கே மூடும் பேச்சை விட்டுவிட்டு, இரு முனையிலும் கம்பிக் கதவு போட்டு, சாவி வார்டு அலுவலகத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்படி செய்து, தரையைச் சரிவு பார்த்துச் சிமென்ட் போட்டு, மேன்ஹோல் மூடிகளை வெளியே எடுத்து விடுவதுதான் வேலை. அது தெருவாகவே இருக்கும், குப்பை மட்டும் போகும். கதவு போடவும் மாநகராட்சியின் எழுத்து அனுமதி வேண்டும், சங்கமே பூட்டிக்கொண்டால் அதுவும் ஆக்கிரமிப்புதான்.

விற்பனைக்குத் தகுந்த சந்தில், ஒட்டிய வீட்டுக்காரர்கள் சுவர் எழுப்பும் முன் ஒரே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். பாத்தியக் கீற்றின் உட்பிரிவு எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். அதில் பாத்தியப் பத்திரத்தின் ஆவண எண் வரவேண்டும். பிறகு அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு மனையின் எண்ணுக்கும் எடுங்கள். அங்கேயும் அதே ஆவண எண் வரவேண்டும். ஏதாவது ஒரு மனையில் வராவிட்டால், அது சரியாகும்வரை கொத்தனாரை வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
நில அளவையும் பத்திர எழுத்தும் அறிந்த இருவர்,
மயிலாப்பூர், சென்னை - 4.